சுவருக்குள் மாறாத குழாய்கள்: கடற்கரைப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டிலுள்ள பழைய இரும்புக் குழாய்கள் அனைத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒருவரிடம் 1,18,000 ரூபாய்க்கு வேலையைப் பேசி, அதில் 1,05,000 ரூபாயைக் கொடுத்தும் முடித்த பிறகு, பாதிக்கும் மேற்பட்ட குழாய்கள் பழையபடியே சுவருக்குள் கிடப்பதை ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரையோ அவருடைய கடையின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அவர் கையாண்ட முறையை மட்டும் எழுதுகிறேன். அதே முறையை வேறு யாரும் கையாளலாம்.

எங்கள் வீடு கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1986-இல் அப்பா கட்டியது. அந்தக் காலத்தில் நல்ல ரகமென்று பெயரெடுத்திருந்த, நீலக் கோடு போட்ட பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) ஜி.ஐ. குழாய்களை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களைத்தான் அப்பா வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் இந்தப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயின் உட்புறத்துத் துத்தநாகப் பூச்சை உப்பு முதலில் தின்றுவிடுகிறது; பிறகு இரும்பு துருப்பிடிக்கிறது; துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் குழாயின் வாய் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. 2024 வாக்கில் குளியலறைக் குழாயில் ஒரு வாளி நிரம்பக் கால்மணி நேரம் ஆனது, காலையில் முதலில் திறக்கும்போது செம்மண் கரைத்ததுபோல் தண்ணீர் வந்தது. அம்மாவுக்கு வயது 74. குனிந்து நிமிர்ந்து வெளித்தொட்டியில் மொண்டு குளிக்க முடியாத நிலையில் அவரை வைத்துக்கொண்டு இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வந்து பார்த்தவர் நன்றாகவே பேசினார். வெந்நீர் போகும் வழி உட்பட எல்லாவற்றுக்கும் சி.பி.வி.சி. என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன், பித்தளை மரை வைத்த இணைப்புகள், மொட்டை மாடியில் வெயில் படும் இடங்களில் வெள்ளை வண்ணப் பூச்சு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எனக்கிருந்த ஒரே கவலை குளியலறைகளின் டைல்ஸ். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒட்டியது. அதே நிறத்தில், அதே அளவில் இன்றைக்குக் கிடைக்காது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. டைல்ஸைத் தொடவே வேண்டாம், பின்பக்கம் நடைக்கூடத்திலிருந்து சுவரை வெட்டி அந்த வழியாகக் குழாயைக் கொண்டுவந்து, குழாய் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் துளைத்துவிடலாம் என்றார். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னை ஏமாற்றுவதற்கான கதவை நானே திறந்து வைத்தது அந்த இடத்தில்தான் என்பது இப்போது தெரிகிறது.

நான் ஆசிரியர், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு. ஆனி மாதத்தில் எட்டு நாள் வேலை நடந்தது. தினமும் மதியம் வாட்ஸப்பில் படம் வரும்: சுவரில் வெட்டிய பள்ளம், அதற்குள் இள மஞ்சள் நிறத்தில் புதிய குழாய், எல்போ, டீ போன்ற இணைப்புகள். நான் மாலையில் வருவதற்குள் பள்ளம் பூசப்பட்டிருக்கும். ஏன் இவ்வளவு அவசரமாகப் பூசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அம்மா தட்டுத்தடுமாறி நடக்குறாங்க சார், குழி திறந்து கெடந்தா விழுந்துருவாங்க" என்றார். அம்மாவின் மேல் அவருக்கு இருந்த அக்கறையை நினைத்து நன்றி சொன்னேன். கடைசி நாள் எல்லாக் குழாய்களையும் திறந்து காட்டினார். தண்ணீர் முன்பைவிட வேகமாகவே வந்தது. தொட்டியிலிருந்து இறங்கும் வழியும் வாய்க்குழாய்களும் புதியவை என்பதால் அவ்வளவு முன்னேற்றம் இருக்கத்தான் செய்யும். மீதி 13,000 ரூபாயை ஒரு மாதம் கழித்துத் தருவதாகச் சொன்னேன். முகம் கோணாமல் சரி என்றார்.

முதலில் காட்டிக்கொடுத்தது தேநீர். காவிரி கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். அதை ஏற்றி வைக்க ஒரு சிறிய தொட்டியும், ஆழ்குழாய் உப்புத் தண்ணீருக்கு ஒரு பெரிய தொட்டியும் மாடியில் தனித்தனியாக இருக்கின்றன. அடுப்படிக்கு வரும் வழியும் தனி. புரட்டாசியில் ஒருநாள் அம்மா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா, டீ கரிக்குது?" என்றார். நான் குடித்துப் பார்த்தேன். எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த அம்மாவின் நாக்கை நம்பாமல் விட்டதற்கு இன்னும் வருந்துகிறேன். அடுத்த வாரம் சோறும் கரித்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு தொட்டிகளின் வழிகளையும் ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடும் அடைப்பான்) வைத்து ஒன்றோடொன்று இணைத்திருந்தார். ஒரு தொட்டி காலியானால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வசதிக்காகச் செய்தாராம். அடுப்படிக்குத் தனியாக இறக்க வேண்டிய குழாயை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. அந்த மலிவான வால்வு முழுதாக மூடவில்லை. நல்ல தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. மூன்று மாதமாக அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். அவருக்கு இரத்தக் கொதிப்பு வேறு இருக்கிறது.

ஐப்பசி மழையில் நடைக்கூடத்துச் சுவரில், அவர்கள் வெட்டிப் பூசிய பட்டையின் நெடுகிலும், வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிர ஆரம்பித்தது. போன் செய்தபோது, "மழை ஈரம் சார் அது, வெயில் வந்தா காஞ்சிரும்" என்றார். காயவில்லை. பூச்சைக் கிள்ளி எடுத்துப் பார்த்தபோது சிறு சிறு சிப்பித் துகள்கள் கையில் ஒட்டின. எம்-சாண்டுக்கு, அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலுக்கு, பணம் வாங்கிக்கொண்டு கடற்கரை மணலைக் கொண்டுவந்து பூசியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கடல் மணல் சுவருக்கு ஆகாது என்பது. கார்த்திகை பிறந்ததும் குளியலறையில் மறுபடியும் செந்நீர் வந்தது. அன்றைக்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

உச்சிப்புளியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். நாற்பது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்பவர்; எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பையிலிருந்து பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்தார். அதை ஒரு நூலில் கட்டி, குளியலறைச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டு மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நூல் நேராகத் தொங்காமல் சுவரை நோக்கிச் சாய்ந்தது. "தம்பி, இங்க பாருங்க, இழுக்குது" என்றார். ஆனால் அதை வைத்து மட்டும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. பழைய குழாயை எடுக்காமல் உள்ளேயே செத்த குழாயாக விட்டுவிட்டு, புதியதை வேறு வழியில் கொண்டுவருவதும் நேர்மையான வேலைதான், அதனால் உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். நடைக்கூடத்துப் பட்டையை உடைத்தோம். நான்கு அடி உயரத்துக்கு வெறும் சிமெண்ட், உள்ளே ஒன்றுமில்லை. மேலே இரண்டு அடிக்கும், கீழே வாய்க்குழாய் அருகே ஒன்றரை அடிக்கும் மட்டும் புதிய குழாய்த் துண்டுகள் இருந்தன. இரண்டும் சுவருக்குக் குறுக்கே போய், டைல்ஸுக்குப் பின்னால் இருந்த பழைய ஜி.ஐ. குழாயின் இரு முனைகளிலும் மாட்டப்பட்டிருந்தன. பித்தளை மரை என்று தாளில் எழுதியிருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மரை இருந்தது, அதிலும் ஒன்று விண்டு கசிந்துகொண்டிருந்தது. அறுத்தெடுத்த அரை அங்குலக் குழாயின் வாய்க்குள் ஒரு பென்சிலை நுழைத்துப் பார்த்தேன்; நுழையவில்லை. பழைய குழாயை அறுத்து அசைத்தபோது உள்ளே படிந்திருந்த துருப்பாளங்கள் உடைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வந்து புதிய வாய்க்குழாய்களை அடைத்திருக்கின்றன என்று பாய் விளக்கினார்.

ஹீட்டரிலிருந்து வரும் வழியிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியும் ஓரடிக்குச் சி.பி.வி.சி., சுவருக்குள் போனதும் யு.பி.வி.சி. என்ற வேறு வகை வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். குளிர்ந்த தண்ணீருக்கு அது நல்ல குழாய்தான், ஆனால் 45 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு தாங்காது. சி.பி.வி.சி. 93 பாகை வரை தாங்கும். எங்கள் வீட்டில் அந்த வெள்ளைக் குழாய் இளகி, இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே தொய்ந்து போயிருந்தது.

அன்றிரவு வாட்ஸப் படங்களை மறுபடியும் எடுத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். "நடைக்கூடம் முடிஞ்சது" என்று அவர் அனுப்பியிருந்த படத்தின் ஓரத்தில் ஒரு சன்னல் தெரிந்தது. அதன் கம்பிகள் பூ வேலைப்பாடு கொண்டவை. எங்கள் வீட்டில் எல்லாச் சன்னல்களுக்கும் நேர்க் கம்பிகள்தான். வேறு யாருடைய வீட்டையோ படமெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். தினமும் அதைப் பார்த்துக் கட்டைவிரலும் அனுப்பியிருக்கிறேன் நான்.

இன்னொரு கணக்கும் அப்போதே என் கண்முன் இருந்தது. எடுத்த பழைய குழாய்களைப் பழைய இரும்புக்காரரிடம் எங்கள் வாசலிலேயே எடை போட்டு விற்றார். 34 கிலோ என்று அம்மா சொன்னார். அரை அங்குல பி கிளாஸ் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ இருக்கும். ஒரு அங்குலக் குழாய் இன்னும் கனம். எப்படிப் பார்த்தாலும் 34 கிலோ என்றால் 27 மீட்டரைத் தாண்டாது. வீட்டில் மொத்தம் 62 மீட்டர் குழாய் இருப்பதாக அளந்து எழுதி, அதற்குத்தான் என்னிடம் விலை பேசினார். மீதி எங்கே என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

பாய் வேலை செய்த முறையைப் பார்த்த பிறகுதான் நான் எதையெல்லாம் கேட்கத் தவறினேன் என்பது புரிந்தது. குழாய்களை என்னையே கடைக்கு அழைத்துப்போய் என் பெயரில் பில் போட்டு வாங்கவைத்தார். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) எண்ணைக் காட்டினார், சி.பி.வி.சி.க்கு 15778. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்கும் அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் அது உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஒட்டிய இடங்கள் இறுகுவதற்கு ஒரு நாள் விட்டு, பிறகு கைப்பம்பும் அழுத்தமானியும் வைத்துத் தண்ணீரை ஏற்றினார். எங்களுடையது ஒரே தளம். தொட்டிக்கும் குழாய் வாய்க்கும் ஐந்து மீட்டர் உயரம்கூட இல்லை. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும் என்பதால், எங்கள் வீட்டில் அரைக் கிலோ அழுத்தமே இல்லை. அந்த அழுத்தத்தில் மோசமான இணைப்புகூட மாதக்கணக்கில் வியர்த்துக்கொண்டிருக்குமே தவிர பீறிடாது. குழாயைத் திறந்து "தண்ணி வருது பாருங்க" என்று காட்டுவது சோதனையே ஆகாது. அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று நான் வந்து பார்த்த பிறகுதான் ஒரு கரண்டிச் சாந்தையும் சுவரில் வைக்க விட்டார். குளியலறை டைல்ஸை உடைத்தோம். இப்போது இரண்டு குளியலறைகளிலும் இடுப்பு உயரத்துக்கு வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறது; பார்க்க அழகாக இல்லை. கொத்தனார் கூலி, டைல்ஸ் எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய் ஆனது.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. என்னிடம் பில் இல்லாதது பெரிய குறைதான். ஆனால் ஜிபேயில் பணம் போன விவரமும், அவர் கைப்பட எழுதிய தாளும், "முழு வீடும் சிபிவிசி மாத்தியாச்சு சார்" என்று அவர் அனுப்பிய செய்தியும் இருக்கின்றன. அந்தச் சன்னல் படத்தையும், எங்கள் சன்னலின் படத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.

சுவரை உடைத்தபோது பாய் ஒவ்வொரு துண்டையும் எறியவிடாமல், எந்த இடத்தில் எடுத்தது என்று சாக்பீஸால் எழுதி வைக்கச் சொன்னார். துருப்பிடித்த குழாயும் அதன் முனையில் புதிய குழாயும் ஒன்றாக இணைந்தபடியே இருக்கும் மூன்று துண்டுகள் ஒரு சிமெண்ட் சாக்கில், மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. அடுத்த வாய்தாவுக்கு அவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.