செம்மண் பாதையா, நெடுஞ்சாலையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்குச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் எதிரி கீழே இருக்கிறது. டயரும் மண்ணும் அமுங்குவதிலேயே சக்தி வீணாகிறது. மெதுவாகப் போனாலும் இந்த உருளல் தடை பெரிதாகக் குறையாது. கெட்டித் தரையில் டயரில் காற்று குறைந்தால் இன்னும் கூடும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம்.

நெடுஞ்சாலையில் தார் கெட்டி, உருளல் தடை குறைவு. ஆனால் எதிர்க்காற்று விடாது. வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 100 ஆனால் காற்றுத் தடை 4 மடங்கு. அதை வெல்ல இன்ஜின் தர வேண்டிய திறனோ 8 மடங்கு. பாதி நேரத்தில் போய்விடுவதால், கிலோமீட்டருக்கான சக்திச் செலவு 4 மடங்கோடு நிற்கிறது. நம் ஆட்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டுகிறார்களே, அது நெஞ்சுக்குக் குளிர் ஏறாமல் இருக்க. படபடக்காமல் இருந்தால் தடையும் கொஞ்சம் குறையும்.

என்னைக் கேட்டால் தார் சாலைதான். ஆனால் 80க்கு மேல் முறுக்குவதில்லை.