கலங்கி ஓடும் யெல்லோஸ்டோனில் ட்ரவுட்: எந்த ஃப்ளை, எந்த ஆறு?

வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க முடியுமா? தாராளமாக முடியும். எந்த ஃப்ளையை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய எந்தப் பொய் இரையை, கட்டி எறிவது, எங்கே எறிவது, இல்லை அந்த ஆற்றையே விட்டுவிட்டு வேறு தண்ணீருக்குப் போய்விடுவதா என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. 2022 கோடையில் மொன்டானா மாநிலத்தின் யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் இந்தக் கட்சிகள் எல்லாவற்றிலும் மாறி மாறி இருந்து பார்த்தேன். எனக்கு எது கை கொடுத்தது, எது கை விட்டது என்று எழுதி வைத்தால், இன்னொரு வெள்ளத்துக்குப் பிறகு கரையில் நின்று யோசிக்கிறவருக்கு உதவும்.

முதலில் அந்த வெள்ளம். அந்த ஆண்டு மலையில் பனி ஜூன் வரை தங்கிவிட்டது. அதன் மேல் கனமழை கொட்ட, மழையும் பனியும் சேர்ந்தே இறங்கின. ஜூன் 13 அன்று கார்வின் ஸ்பிரிங்ஸ் அளவுமானியில் ஆறு 13.88 அடியைத் தொட்டது. அதற்கு முன் அங்கே பதிவான உச்சம் 1918இல் வந்த 11.5 அடி. மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு இன்னொரு கணக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: வினாடிக்கு 49,000 கன அடிக்கு மேல். இதே ஆறு ஆகஸ்ட் கடைசியில் இரண்டாயிரம், மூவாயிரம் கன அடியில் சாதுவாக ஓடும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஐந்து வாசல்களையும் மூடினார்கள். வடக்கு வாசலில் இருக்கும் கார்டினர் ஊரிலிருந்து பூங்காவுக்குள் மாமத் போகும் சாலை பல இடங்களில் ஆற்றோடு போய்விட்டது.

இவ்வளவு தண்ணீர் அடித்துக்கொண்டு போனால் மீன் மட்டும் எப்படி மிஞ்சும் என்று பலர் கேட்டார்கள். வளர்ந்த ட்ரவுட் பெரும்பாலும் மிஞ்சிவிடும். ஆற்றின் நடுவில் தண்ணீர் எவ்வளவு வெறிகொண்டு ஓடினாலும், தரையை ஒட்டியும் கரையை ஒட்டியும் பாறைக்குப் பின்னாலும் அது மெதுவாகத்தான் ஓடும். மீன் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். அடி வாங்குவது முட்டையும் குஞ்சும்தான். பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடுவதால், ஜூன் வருவதற்குள் அதன் குஞ்சுகள் கூழாங்கல்லை விட்டு வெளியே வந்திருக்கும். ரெயின்போ, கட்த்ரோட் எனும் ட்ரவுட் வகைகள் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் முட்டையிடுகிறவை. வெள்ளம் வந்த நேரத்தில் அவற்றின் முட்டை கல்லுக்கு அடியிலேயே கிடந்திருக்கும். இதை இப்போதே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

ஸ்ட்ரீமரா, நிம்ஃபா?

ஸ்ட்ரீமர் என்பது சின்ன மீனையோ அட்டையையோ போலத் தோன்றும்படி இறகும் ரோமமும் வைத்துக் கட்டிய பெரிய ஃப்ளை. எறிந்துவிட்டு இழுத்து இழுத்துக் கொண்டுவர வேண்டும். நிம்ஃப் என்பது தண்ணீருக்கு அடியில் வாழும் பூச்சியின் இளம் பருவத்தைப் போலக் கட்டியது. அதை இழுக்கக் கூடாது, நீரோட்டத்தோடு போக விட வேண்டும்.

கலங்கல் தண்ணீர் என்றாலே கறுப்பு ஸ்ட்ரீமர் என்பது இங்கே வேதவாக்கு. காரணம் சரியானதுதான். மங்கலான நீரில் கறுப்பு உருவம் நன்றாகத் தெரியும். தவிர, கண்ணில் படாததைக்கூட ட்ரவுட் தன் பக்கவாட்டுக் கோட்டால், அதாவது உடம்பின் இரு பக்கமும் ஓடும் உணர்வுக் கோட்டால், தண்ணீரின் அதிர்வை வைத்துக் கண்டுபிடித்துவிடும். நானும் அந்த வேதவாக்கை நம்பி ஜூலை இரண்டாவது வாரம் ஆற்றங்கரை ஊரான லிவிங்ஸ்டனுக்குத் தெற்கே பாரடைஸ் பள்ளத்தாக்கில் இறங்கினேன். தண்ணீர் பால் அதிகம் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. கனமான ஏழாம் எண் ராட் (தூண்டில் கோல்), மூழ்கும் நுனி கொண்ட லைன், வூலி பக்கர் எனும் கறுப்பு ஸ்ட்ரீமர். நாற்பது அடி தள்ளி எறிந்து எறிந்து இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போனதுதான் மிச்சம்.

என்னோடு வந்திருந்தவர் என் மனைவியின் அண்ணன். கோத்தகிரிக்காரர். அவருடைய அப்பா அவலாஞ்சி ட்ரவுட் பண்ணையில் வேலை பார்த்தவர். (நீலகிரியில் ட்ரவுட்டா என்று கேட்பவர்களுக்கு: எச்.சி. வில்சன் என்பவர் 1907இல் அங்கே தொடங்கிய பண்ணை அது.) மச்சான் கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மாப்ளே, ஆத்து நடுவுல யாரைத் தேடுறீங்க? ட்ரவுட்டு சோம்பேறிங்க. தண்ணி எங்க கம்மியா இழுக்குதோ அங்கதான் நிக்கும். உங்க காலடியிலே பாருங்க."

நான் நின்ற இடம் ஆறே இல்லை. வழக்கமான நாளில் அது புல்தரை. தண்ணீர் ஏறியதால் புல் முழங்காலுக்குக் கீழே மூழ்கி, நீரோட்டத்தில் தலை சாய்த்துக் கிடந்தது. திரும்பி ஓரடி எடுத்து வைத்தேன். புல்லுக்கு இடையிலிருந்து ஒரு பழுப்பு ட்ரவுட், என் முழங்கை நீளம் இருக்கும், மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து போனது. இரண்டு மணி நேரமும் அது இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் எறிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு ஸ்ட்ரீமரைக் கழற்றினேன். அதைவிட மெல்லிய ஐந்தாம் எண் ராடில், ஸ்டோன்ஃப்ளை எனும் ஆற்றுப் பூச்சியைப் போல ரப்பர் கால்கள் வைத்த பெரிய நிம்ஃப் ஒன்று, அதற்கு ஓரடி கீழே சிவப்பு நிறத்தில் சான் வான் வார்ம் எனும் மண்புழு ஃப்ளை ஒன்று. மேலே, மீன் கடிப்பதைக் காட்டும் மிதவையாக இண்டிகேட்டர். கரையிலிருந்து ஆறடிக்கு மேல் எறியவே இல்லை. மூன்று நாளில், நடுநடுவே மாற்றிப் பார்த்த ஸ்ட்ரீமருக்குக் கிடைத்தது இரண்டு மீன், நிம்ஃபுக்குப் பதினொன்று. பதினொன்றில் நான்கு வைட்ஃபிஷ். இங்கே சிலர் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். பழுப்பும் ரெயின்போவும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை, வைட்ஃபிஷ் இந்த ஆற்றின் சொந்த மீன்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, குளிர். அன்று காலை தண்ணீர் 9 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் ட்ரவுட் துரத்திப் போய்க் கடிக்காது, வாயருகே மிதந்து வருவதைத்தான் எடுக்கும். இரண்டாவது, சாப்பாடு. கரை இடிந்து மண்புழு ஆற்றில் விழுந்துகொண்டே இருக்கிறது. உருளும் கற்கள் ஸ்டோன்ஃப்ளைகளை வீடு வாசல் இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. கரையோரம் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்தில், கரும்பழுப்பு நிறத்தில், ஆறு கால்களாலும் கல்லை இறுகக் கட்டிக்கொண்டு ஒரு நிஜ நிம்ஃப், சால்மன்ஃப்ளை எனும் பெரிய ஸ்டோன்ஃப்ளையின் இளம் பருவம். விரலால் தள்ளினாலும் விடவில்லை. இந்தப் பூச்சி மூன்று நான்கு வருடம் தண்ணீருக்கு அடியிலேயே வளர்ந்து, பிறகு ஒரே ஒரு முறை கரையேறிச் சிறகு விரிக்கும். அவ்வளவு பெரிய வெள்ளத்திலும் அந்தக் கல்லை அது விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்ததில், எனக்கு ஆற்றைப் பற்றி இருந்த கவலையில் பாதி குறைந்தது.

அதற்காக ஸ்ட்ரீமரை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஜூலை கடைசியில், தண்ணீர் 13, 14 டிகிரிக்கு வந்து டீ நிறம் மாறிப் பச்சை தட்டியபோது, மாலை வெயில் இறங்கும் நேரத்தில் அதே வூலி பக்கருக்கு வந்த பழுப்பு ட்ரவுட்தான் அந்தக் கோடையில் நான் பிடித்ததிலேயே பெரியது. குளிர்ந்த கலங்கலுக்கு நிம்ஃப், வெதுவெதுப்பான கலங்கலுக்கு ஸ்ட்ரீமர். எதை எறிந்தாலும் முதல் எறி கரையோரமாக, ஆற்றில் கால் வைப்பதற்கு முன்னால்.

ட்ரை ஃப்ளை, அதாவது மேலே மிதக்கும் ஃப்ளை, இந்தப் போட்டியில் பெரும்பாலும் இல்லை. அடி தெரியாத தண்ணீரில் இருக்கும் மீனுக்கு மேல்மட்டத்தில் மிதப்பது தெரியாது. கரையோர வில்லோ புதர்களில் சால்மன்ஃப்ளைகள் ஊர்ந்து கொத்துக் கொத்தாக விழும் சில நாள்கள் மட்டும் விலக்கு. அந்த நாள்கள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் வேலையை விட்டுவிட்டுப் போங்கள்.

இங்கேயே இருப்பதா, வேறு ஆற்றுக்குப் போவதா?

ஃப்ளையைவிட இதுதான் பெரிய கேள்வி. லிவிங்ஸ்டனில் இருப்பவருக்கு மாற்று என்று பார்த்தால் இரண்டு: பக்கத்திலேயே இருக்கும் ஊற்றோடைகள், தொலைவில் இருக்கும் மிசோரி ஆறு.

ஆர்ம்ஸ்ட்ராங், அதன் கீழ்ப்பகுதியான டிப்யூ, தனியாக ஓடும் நெல்சன் ஆகிய ஓடைகள் நிலத்தடி ஊற்றில் பிறந்து யெல்லோஸ்டோனில் கலப்பவை. மலையில் மழை பெய்தாலும் பனி உருகினாலும் அவற்றின் தெளிவும் குளிர்ச்சியும் அவ்வளவாக மாறாது. பெரிய ஆறு செம்மண் கரைசலாக ஓடும் அதே நாளில், அரை மைல் தள்ளி ஓடையில் பாசி ஆடுவதும் அதற்கு மேல் மீன் நிற்பதும் கண்ணாடிக்கு அப்பால் போலத் தெரியும். சிக்கலும் அதுதான். நமக்கு மீன் தெரிகிற மாதிரி மீனுக்கும் நாம் தெரிகிறோம். பதினெட்டாம் எண் முள்ளில் கட்டிய அரிசி அளவு ஃப்ளை, ஃப்ளையைக் கட்டத் தலைமுடி போன்ற 6எக்ஸ் டிப்பெட் நரம்பு, நெஞ்சு வரை குனிந்து நடை. தனியார் நிலம் என்பதால் கட்டணம் உண்டு, கோடை உச்சத்தில் ஒரு ராடுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலரைத் தாண்டும். நாளுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கும் உண்டு. ஃப்ளை ஃபிஷிங்கைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ஊரிலிருந்து வந்த விருந்தாளியை முதல் நாளே அங்கே கூட்டிப்போகாதீர்கள். ஒரு மீன்கூடத் தொடாமல் திரும்பி, இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

மிசோரியில் ஹோல்டர் அணைக்குக் கீழே, கிரெய்க் என்ற சின்ன ஊரைச் சுற்றி மீன் பிடிக்கிறார்கள். லிவிங்ஸ்டனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகும். கேன்யன் ஃபெர்ரி, ஹாசர், ஹோல்டர் என்று வரிசையாக மூன்று அணைகள். மேலே எவ்வளவு வண்டல் வந்தாலும் ஒவ்வொரு நீர்த்தேக்கமாகப் படிந்து, கடைசி அணையிலிருந்து வெளிவருவது தெளிந்த தண்ணீர். ரெயின்போவும் பழுப்பும் நிறைய. வழி தெரியாதவர்கள் ஒரு தவறு செய்வார்கள்: அணைக்குக் கீழே எங்கே இறங்கினாலும் தெளிவாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். லிட்டில் பிரிக்லி பேர் ஓடையும், இன்னும் கீழே டியர்போர்ன் ஆறும் அணைக்குப் பிறகுதான் வந்து சேர்கின்றன. அந்தப் பக்கம் மழை என்றால் அவற்றுக்குக் கீழே மிசோரியும் கலங்கும். அப்போது அணையை ஒட்டிய பகுதிக்குத்தான் போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஆறும் கலங்கிய வாரத்தில் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது என்றால், மீன் பிடித்தே ஆக வேண்டும் என்பவருக்கு மிசோரி. நான் மட்டும் என்றால் ஒரே ஒரு நாள் ஊற்றோடை, மற்ற நாளெல்லாம் யெல்லோஸ்டோன் கரையோரம். யெல்லோஸ்டோனில் இறங்கலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்ப்பேன். பூட்ஸ் முனை மங்கலாகவாவது தெரிந்தால் இருப்பேன். கணுக்காலே தெரியவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிடுவேன். அதற்கு முன்பே, வீட்டிலிருந்து கிளம்பும்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் அளவுமானியைப் பார்த்துவிடுவேன். தண்ணீரின் அளவைவிட அது போகும் திசை முக்கியம். இறங்கிக்கொண்டிருக்கும் எட்டாயிரம் கன அடியில் மீன் கிடைக்கும், ஏறிக்கொண்டிருக்கும் ஐயாயிரத்தில் கிடைக்காது. மேலே பூங்காவுக்குள் இருக்கும் லமார் பள்ளத்தாக்கில் ஒரு இடிமழை என்றாலே கீழே ஆறு சேறாகிவிடும் என்பதால் அந்தப் பக்க வானிலையும் பார்க்க வேண்டும்.

இங்கேயே இருப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கோடையில் பூங்காவின் வடக்கு வாசல் சாலை போனதால் கார்டினரில் விடுதிகள் காலியாகக் கிடந்தன. படகுக்காரர்களுக்கு வேலை இல்லை. ஆறு கலங்கிவிட்டது என்று நாமும் மிசோரிக்குப் போய்விட்டால், அந்த ஊர்க் கடையில் ஃப்ளை வாங்க யார் இருப்பார்கள்?

கிளையோடைகளுக்குப் போவது என்ற வழியைச் சிலர் சொல்வார்கள். பெரிய ஆற்றுக்கு முன்பே சின்ன ஓடைகள் தெளிந்துவிடும், மீனும் அங்கே ஏறியிருக்கும் என்பது உண்மை. ஆனால் ஏறியிருப்பது முட்டையிட வந்த கட்த்ரோட். தாடைக்கு அடியில் இரு பக்கமும் சிவப்புக் கீறல் போட்ட இந்த மண்ணின் ட்ரவுட். ஏற்கெனவே ஒரு வருடத்து முட்டையை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருப்பது கூழாங்கல்லில் குழி பறித்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் தூண்டில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. வெள்ள வருடத்தில் ஜூலை முடியும்வரை அந்த ஓடைகள் பக்கம் போகவே வேண்டாம்.

படகா, நடையா என்ற கேள்விக்கு வெள்ளத்துக்குப் பிறகு ஒரே பதில், நடை. ஆறு வழி மாறியிருக்கும். வேரோடு சாய்ந்த காட்டன்வுட் மரங்கள் வளைவுகளில் குறுக்கே கிடக்கும். தண்ணீர் அதன் கிளைகளுக்கு ஊடே போய்விடும், படகும் ஆளும் போக முடியாது. நடந்தாலும் முட்டிக்கு மேல் இறங்காதீர்கள். போன வருடம் நின்ற இடம் இப்போது மடுவாக இருக்கலாம்.

அக்டோபர் கடைசியில் நானும் மச்சானும் அதே புல்தரைக்குப் போனோம். ஆறு அறுபது எழுபது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே வெள்ளத்துக்கு முன் இல்லாத கூழாங்கல் திட்டு, வெள்ளை வெளேர் என்று, பாசி ஏறாமல். அதன் கீழ் விளிம்பில், ஓரடித் தண்ணீரில், ஒரு பழுப்பு ட்ரவுட் ஒருக்களித்துப் படுத்து வாலால் கல்லை அடித்து அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று காத்து நின்றது. "உக்காருங்க மாப்ளே, நிழல் விழப் போகுது" என்றார் மச்சான். ராடைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, வெயில் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.