கிளைமேட்-அடாப்ட்: உள்ளாட்சிகளுக்கான காலநிலைத் தகவமைப்புத் தளம் – ஒரு மதிப்பீடு

நகராட்சி அலுவலகங்களுக்கு வந்து சேரும் காலநிலை மாற்ற ஆவணங்களில் பல, புவி வெப்பம் எத்தனை டிகிரி உயரும் என்பதில் தொடங்கி, விழிப்புணர்வு தேவை என்பதில் முடிந்துவிடுகின்றன. அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு வேண்டியவை வேறு. எந்தத் தெருவில் தேங்கும் நீரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதற்கான செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது, எந்தத் துறையின் ஒப்புதல் இல்லாமல் வேலை நின்றுபோகும் என்பவையே அவருடைய கேள்விகள். இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கிளைமேட்-அடாப்ட் (Climate-ADAPT) என்ற இணையதளத்தைச் சில வாரங்கள் தொடர்ந்து படித்தேன்.

ஐரோப்பிய ஆணையமும் கோபன்ஹேகனில் இயங்கும் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து நடத்தும் இத்தளம் 2012 மார்ச்சில் தொடங்கப்பட்டது. கட்டணம் ஏதுமில்லை. நகரங்களுக்கென்று தனியாக வகுக்கப்பட்ட வழிகாட்டி, தகவமைப்புப் பணியை, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப ஊரைத் தயார்ப்படுத்தும் வேலையை, ஆறு படிகளாகப் பிரிக்கிறது: முன்னேற்பாடு, ஆபத்துகளை மதிப்பிடுதல், தீர்வுகளைத் திரட்டுதல், அவற்றுள் தேர்ந்தெடுத்தல், நிறைவேற்றுதல், கண்காணித்தல். இந்த வரிசையில் புதுமை ஒன்றும் இல்லை. எந்தத் திட்டமிடல் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தருவார்கள்.

தளத்தின் உண்மையான செல்வம் அதன் நகர அனுபவத் தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு நகரத்தின் அனுபவமும் ஒரே சட்டகத்தில் எழுதப்பட்டிருக்கிறது: சிக்கல் என்ன, செய்தது என்ன, செலவும் பயனும் எவ்வளவு, சட்ட நிலை என்ன, எத்தனை ஆண்டுகள் பிடித்தன. இவற்றோடு, வெற்றிக்கு உதவியவற்றையும் தடையாக நின்றவற்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பகுதி கட்டாயம் உண்டு. அரசு ஆவணங்களில் தடைகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதவைத்தது பெரிய காரியம் என்றே கருதுகிறேன்.

கோபன்ஹேகன் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலை 2 அன்று அந்நகரில் இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 150 மி.மீ. மழை கொட்டியது, கட்டடங்களின் தரைக்கீழ்த் தளங்களும் சாலைகளும் மூழ்கின. அடுத்த ஆண்டே பெருமழை மேலாண்மைத் திட்டம் ஒன்றை நகராட்சி வகுத்தது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையிலும் சாலையில் 10 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்பது இலக்கு. இலக்கை இப்படி அளவுகோலால் அளந்து பார்க்கும்படி வைத்ததே முதல் பாடம். பூமிக்கடியில் குழாய்களை மட்டும் பெரிதாக்குவதைவிட, சாலைகளையும் பூங்காக்களையும் நீர் ஓடவும் தேங்கவும் ஏற்றவாறு மாற்றி, தேவையான இடத்தில் மட்டும் குழாய் பதிப்பது மலிவு என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். சுமார் 300 பணிகள், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம். இதற்குப் பணம் வந்த வழிதான் உள்ளாட்சியில் இருப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. கழிவுநீர்க் கட்டணத்தில் திரளும் தொகையைச் சாலையிலும் பூங்காவிலும் செய்யும் மழைநீர்ப் பணிகளுக்குச் செலவிட விதிகள் இடம் தராததால், சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

ஸ்வீடனின் மால்மோ நகரில் உள்ள ஆகஸ்டன்போர்க் குடியிருப்பின் கதையும் இதே அளவுக்குப் பயனுள்ளது. 1950களில் கட்டப்பட்ட அப்பகுதியில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடியதால், கனமழை பெய்யும்போதெல்லாம் தரைக்கீழ்த் தளங்களில் நீர் புகுந்தது. 1998 முதல் நகராட்சியும் குடியிருப்பு நிறுவனமும் சேர்ந்து மழைநீரைக் குழாயிலிருந்து பிரித்து, திறந்த வாய்க்கால்களிலும் குளங்களிலும் ஓடவிட்டன. கூரைகளில் செடிகளை வளர்த்தன. செலவே அதிகம் இல்லாத வழிகளும் தொகுப்பில் உள்ளன. ஜெர்மனியின் காசல் நகரில், வானிலைத் துறை வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் தன்னார்வலர்கள் முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, தண்ணீர் குடித்தீர்களா, உடல்நிலை எப்படி என்று கேட்கிறார்கள். 2003 கோடையின் வெப்ப அலையில் ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைத்தால் அந்த ஓர் அழைப்பின் அருமை புரியும்.

குறைகளும் உண்டு. முதலாவது, முயன்று கைவிடப்பட்ட திட்டங்கள் இங்கே அரிது. நிறைவேறிய திட்டங்களின் தடைகளைப் படிக்கிறோமே தவிர, தடையால் நின்றே போன திட்டங்களைப் படிக்க முடிவதில்லை. அவையும் இருந்திருந்தால் தொகுப்பின் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும். இரண்டாவது, ஆறு படிகளையும் முறைப்படி ஏறுவதற்குத் தனி அலுவலரும், நிலமட்ட வரைபடமும், பல ஆண்டு மழைப்பதிவும் வேண்டும். மூன்று பொறியாளர்களை வைத்துக்கொண்டு குடிநீரையும் குப்பையையும் சமாளிக்கும் சிறு நகரம் இரண்டாம் படியிலேயே களைத்துவிடும். மூன்றாவது, இது ஒரு நூலகம். நம் ஊர் வரைபடத்தைப் பார்த்து ஆலோசனை சொல்ல எதிரில் ஆள் இல்லை. ஐரோப்பிய நகரங்களுக்கு அந்தக் குறையை, காலநிலைப் பணிக்காக உள்ளாட்சிகள் சேர்ந்துள்ள மேயர்கள் உடன்படிக்கை (Covenant of Mayors) போன்ற அமைப்புகள் ஓரளவு நிரப்புகின்றன.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் இருப்பவர்கள் இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை சுமார் 95 செ.மீ. கோபன்ஹேகனைப் புரட்டிப் போட்ட மழையைப் போல அது ஆறு மடங்குக்கும் அதிகம். ஆகவே வாய்க்காலின் அகலத்தையோ குளத்தின் கொள்ளளவையோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும், சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடமும் தனித்தனியாக இருப்பதால், ஒரே குழாயில் இரண்டும் ஓடும் ஐரோப்பியப் பழைய நகரங்களின் தீர்வு அப்படியே பொருந்தாது. நீரைத் தேக்கும் முறைக்கும் நாம் அங்கே போக வேண்டியதில்லை. ஏரி, கலங்கு (உபரிநீர் வழிந்தோடும் இடம்), வரத்துக்கால் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) என்று அதற்கான சொற்களே நம்மிடம் இருக்கின்றன. எடுத்துக்கொள்ள வேண்டியவை இலக்கை அளவாக எழுதும் ஒழுங்கும், கழிவுநீர்க் கட்டணப் பணத்தைச் சாலை, பூங்கா வேலைகளோடு கோபன்ஹேகன் இணைத்த வழியும்தான்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். ஆறு படி வழிகாட்டியை முதலில் திறக்காதீர்கள். உங்கள் ஊரின் சிக்கல் வெள்ளமானால் கோபன்ஹேகனையும், வெப்பமானால் காசலையும் திறந்து, தடைகளும் செலவும் பேசப்படும் பகுதிகளை முதலில் வாசியுங்கள். அவற்றை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி, அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் உறுப்பினர்கள் கையில் கொடுங்கள்.