மீன் கொலாஜன் தூள்: என் தோலில் கண்ட மாற்றமும் காணாத மாற்றமும்

யாங்கோனில் இன்று எந்த மருந்துக் கடைக்குப் போனாலும், கண்ணில் முதலில் படும் அலமாரியைக் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் கலந்த பொருள்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன. தூள், மாத்திரை, சிறு புட்டிகளில் பானம், முகத்தில் ஒட்டிக்கொள்ளும் தாள் என்று பல வடிவங்களில் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் இவை வருகின்றன. மீன் தோலிலிருந்து எடுக்கப்பட்ட கொலாஜன் பெப்டைடு (சிறு துண்டுகளாகச் சிதைக்கப்பட்ட கொலாஜன்) தூளை நான் சில ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு தோல் வறண்டுபோய், குளிர்காலம் வந்தாலே கணைக்கால்கள் செதில் செதிலாக வெளுக்கத் தொடங்கியதுதான் அதற்குக் காரணம். இவ்வளவு காலம் பயன்படுத்திய பின் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோலின் ஈரப்பதத்தில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது, நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை, இருக்கும் கொலாஜனை வெயிலிலிருந்து காப்பது, புதிதாக வாங்கிக் குடிப்பதைவிடப் பல மடங்கு முக்கியமானது.

கொலாஜன் என்பது நம் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், இரத்தக் குழாய்ச் சுவர் ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தோலைப் பொறுத்தவரை, மேல்தோலுக்கு அடியிலுள்ள உட்தோலின் பெரும்பகுதி இதனாலேயே ஆனது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் இதைத் தயாரிக்கின்றன. மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிற்றைப் போன்ற இதன் அமைப்பை 1954-55 ஆண்டுகளில் முதலில் விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். உலகம் முழுவதும் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கும் ஒரு கண்டுபிடிப்பு சென்னையில் நடந்தது என்பதைக் கொலாஜன் பற்றிப் பேசும் தமிழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தப் புரிகளில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மற்ற இடங்களில் மிகுதியாக வரும். புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காவிட்டால் புரிகள் உறுதியாக இணைவதில்லை. ஈறுகளில் இரத்தம் கசிவதும் பழைய காயங்கள் மீண்டும் திறந்துகொள்வதுமாகிய ஸ்கர்வி நோய் அப்படித்தான் உண்டாகிறது. ஆகவே, விலையுயர்ந்த தூளை வாங்கிக் குடித்துவிட்டுப் பழங்களையும் கீரைகளையும் ஒதுக்குகிறவருக்கு அந்தத் தூளால் பெரிய பயன் இருக்க முடியாது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஒரு நாளைத் தேவை அதில் பாதிகூட இல்லை. இங்கே தெருமுனையிலேயே கிடைக்கும் கொய்யாவையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டு, வைட்டமின் சி கலந்தது என்பதற்காக இரட்டை விலை கொடுத்துத் தூள் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

இளமைப் பருவம் கடந்தபின் தோலிலுள்ள கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைந்துகொண்டே போகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால் அந்த இழப்பு வேகமெடுக்கிறது; முதல் 5 ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடலாம். நம் வீடுகளில் அம்மாவோ மாமியாரோ ஐம்பதை ஒட்டிய வயதில் திடீரென்று மெலிந்து, முகம் ஒடுங்கியதுபோல் தெரிவதைக் கண்டு "கவலையால் இளைத்துவிட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த உடல் மாற்றத்தை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். தோலில் உருவாகிவிட்ட கொலாஜன் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி புதிதாக மாற எடுக்கும் காலம், ஏறத்தாழ 15 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் சுருக்கம் மறையும் என்று உறையில் அச்சிட்டிருந்தால், அதை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

கொலாஜன் களிம்புகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கொலாஜன் மூலக்கூற்றின் எடை ஏறத்தாழ 3,00,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு); தோலின் வெளிப்படலத்தைத் தாண்டி எளிதில் உள்ளே போகக்கூடியவை பெரும்பாலும் 500 டால்டனுக்குக் குறைந்தவையே. ஆகவே, பூசப்படும் கொலாஜன் மேலேயே தங்கி ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். உட்தோலிலுள்ள கொலாஜனோடு அது சேராது. அந்த வேலையை மலிவான வேறு களிம்புகளும் செய்யும்.

குடிக்கும் தூளின் கதை வேறு. அது ஏற்கெனவே நொதிகளால் சிறு துண்டுகளாகச் சிதைக்கப்பட்டது. வயிற்றிலும் குடலிலும் அது மேலும் சிதைந்து, பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவே உடலில் சேர்கிறது. ஆனால் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் இணைந்த இரட்டைத் துண்டு ஒன்று சிதையாமல் இரத்தத்தில் கலப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். இத்தகைய துண்டுகள் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டுகின்றன என்பதே இந்தத் தூளுக்குச் சொல்லப்படும் அறிவியல் அடிப்படை. 2014இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், 35 முதல் 55 வயது வரையிலான 69 பெண்களில் சிலர் நாளொன்றுக்கு 2.5 கிராமும் சிலர் 5 கிராமும் 8 வாரங்கள் உட்கொண்டபோது, கொலாஜன் இல்லாத போலித்தூள் உட்கொண்டவர்களைவிட அவர்களின் தோலின் மீள்தன்மை கூடியிருந்தது. 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஈரப்பதமும் மீள்தன்மையும் மேம்படுகின்றன என்றே கூறியது. ஆனால் 2025இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, 23 ஆய்வுகளை அவற்றுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தது. மருந்து நிறுவனங்களின் நிதியைப் பெறாத ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. வாங்கும் முன் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் உட்கொள்வது நாளொன்றுக்கு 5 கிராம். அளவுக் கரண்டியால் எடுத்து, காலையில் சர்க்கரை போடாத வெதுவெதுப்பான தேநீரில் கலக்கிவிடுவேன். நல்ல பெப்டைடு தூள் கட்டி பிடிக்காமல் கரைந்துவிடும். கொதிக்கும் நீரில் போட்டால் மட்டும் மீன் வாடை மேலெழும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த வாடை பெரிதும் அடங்கிவிடும். வாங்கிய தூள் உண்மையிலேயே பெப்டைடுதானா, அல்லது கொலாஜனை வேகவைத்துப் பெறும் வெறும் ஜெலட்டினா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சிறிதளவு வெந்நீரில் கெட்டியாகக் கரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஜெலட்டின் உறைந்து ஜெல்லி போலாகிவிடும். பெப்டைடு நீராகவே இருக்கும். சந்தையில் சில்லறையாகப் பிரித்து விற்ற தூள் ஒன்றை இப்படிச் சோதித்தபோது, மறுநாள் காலையில் கிண்ணத்தைக் கவிழ்த்தும் அது விழவில்லை. ஜெலட்டின் கெடுதலன்று, ஆனால் பெப்டைடின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் சில மாதங்களில் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த குளிர்காலத்தில்தான், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும் அந்த வறட்சி கணைக்கால்களில் குறைந்திருப்பதைக் கவனித்தேன். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் எனக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உணவிலும் பெரிய மாற்றமில்லை. ஆகவே இதைத் தூளின் பலன் என்று கருதுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கைவிரல் நகங்கள் நுனியில் படலம் படலமாகப் பிளந்துகொண்டிருந்ததும் நின்றது. உண்மையைச் சொன்னால், முகத்தைவிட நகத்தில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணோரக் கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. மூக்கின் இருபுறமும் வாய்வரை இறங்கும் மடிப்பிலும் மாற்றமில்லை. மழைக்காலத்தில், காற்றே ஈரமாக இருக்கும் மாதங்களில், தூள் குடிப்பதற்கும் குடிக்காததற்கும் எந்த வேறுபாட்டையும் என்னால் உணர முடியவில்லை.

பெகு நகரில் வசிக்கும் என் நாத்தனார், "அண்ணி, இதைக் குடிச்சா நிறம் கூடுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். அவர் மட்டுமல்ல, கேட்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு அதுதான் உண்மையான கேள்வி. கூடாது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மேல்தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி. கொலாஜனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொலிவு என்று நாம் சொல்வது, ஈரப்பதமுள்ள வழவழப்பான தோற்பரப்பில் ஒளி சீராகப் பட்டுத் திரும்புவதுதான்; கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் அது அதே அழகோடு இருக்கும். நிறமூட்டும் என்ற பெயரில் குளுட்டாதயோன் என்னும் பொருள் கலந்த கொலாஜன் தூள்களை இங்கே ஏராளமாக விற்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளுக்குக்கூடத் தாய்மார்கள் அதை வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. வளரும் பிள்ளையின் தோலில் கொலாஜன் நிறைந்திருக்கும். அவளுடைய நிறத்தில் குறையொன்றும் இல்லை.

உங்கள் மேற்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வயதுடையவை, ஒரே உணவில் வளர்ந்தவை. என் மேற்கையின் உட்புறம் இன்றும் மழமழவென்று இருக்கிறது. புறங்கையிலோ கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே படிவதில்லை, இடையிடையே பழுப்புப் புள்ளிகளும் உள்ளன. அந்த வேறுபாடு பெரும்பாலும் வெயில் செய்தது. புற ஊதாக் கதிர் படும்போது கொலாஜனை அறுக்கும் நொதிகள் தோலில் பெருகுகின்றன. புதிய கொலாஜன் உருவாவதும் குறைகிறது. நம் தோலிலுள்ள மெலனின் ஓரளவு காப்பதால் சுருக்கம் தாமதமாக வருகிறதே தவிர, வராமல் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டார்கள். கொலாஜன் தூளைப் பற்றிய எந்த ஆய்வையும்விட இந்த முடிவில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மரக்கட்டையை நீர் விட்டுத் தேய்த்து எடுக்கும் தனக்கா என்ற பூச்சைப் பூசாத வீடு இங்கே அரிது. என் பர்மிய அண்டை வீட்டார் காலையில் வட்டக் கல்லில் நீர் விட்டுத் தனக்காக் கட்டையைத் தேய்க்கும்போது எழும் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் மாலையில் பூசிக்கொள்கிறேன். அது குளிர்ச்சி தருகிறது, எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் உச்சி வெயிலுக்கு அதை மட்டுமே நம்பிவிடக் கூடாது. சித்திரை மாதத்தில் கடைத்தெருவுக்குப் போக நேர்ந்தால் சன்ஸ்கிரீன், குடை, முழுக்கைச் சட்டை மூன்றும் எனக்கு வேண்டும். குடை பிடித்த கையின் புறங்கை வெயிலிலேயே இருக்கும் என்பதால், களிம்பை அங்கும் மறவாமல் பூச வேண்டும்.

மூலப்பொருளைப் பற்றி நம் மக்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். சந்தையிலுள்ள கொலாஜன் மாட்டுத் தோல், பன்றித் தோல், கோழிக் குருத்தெலும்பு, மீன் தோல் மற்றும் செதில் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. கொலாஜன் என்று மட்டும் போட்டு, எதிலிருந்து எடுத்தது என்று எழுதாத பொருளை மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் வாங்கக் கூடாது. எங்கள் தெருவிலுள்ள சூலியா (தமிழ்) முஸ்லிம் குடும்பத்தாருக்கும் எனக்கும் மீன் கொலாஜனே ஒத்துப்போனது. சைவ உணவினருக்கு எந்தக் கொலாஜனும் ஏற்றதன்று. தாவரக் கொலாஜன் என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலும் வைட்டமின் சியும் அமினோ அமிலங்களுமே உள்ளன. ஆண்டு முழுவதும் குடித்துவந்தபோது, புரட்டாசி விரதத்தில் நான் தூளை முற்றிலும் நிறுத்திவிடுவேன். அந்த இடைவெளியால் எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஆட்டுக்கால் சூப்பும் மீன் குழம்பும் மொகிங்கா என்ற பர்மிய மீன் சாற்று நூடுல்ஸும் இருக்கும்போது தூள் எதற்கு என்று மூத்தவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். நீண்ட நேரம் கொதித்த எலும்புச் சாற்றில் ஜெலட்டின் இறங்கியிருக்கும். அதன் அளவு சமையலுக்குச் சமையல் மாறும் என்பதே குறை. மறுபுறம், தூளை முழுமையான புரத உணவாகவும் எண்ணிவிடக் கூடாது. டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கொலாஜனில் இல்லை. கையில் இருக்கும் பணம் பருப்பு, முட்டை, மீன் அல்லது தூள் என்று ஒன்றுக்கு மட்டுமே போதும் என்றால், தூளை விட்டுவிடுங்கள்.

இப்போது நான் கார்த்திகை முதல் சித்திரை வரையிலான வறண்ட மாதங்களில் மட்டும் தூளை வாங்குகிறேன். மழை தொடங்கியதும் நிறுத்திவிடுகிறேன். இதனால் செலவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. திறந்த பொட்டலம் மழைக்கால ஈரத்தில் கட்டிபிடித்துவிடும் என்பதால் அப்போது கையிருப்பும் வைப்பதில்லை. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மீன் கொலாஜனைத் தொடக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.