ஃபவுண்டேஷனா, சனிக்கிழமைக் கணக்கா?

மூத்தவன் ஆறாம் வகுப்புப் போனபோது, ஐஐடி நுழைவுத் தேர்வுக்குச் சின்ன வகுப்பிலிருந்தே தயார்செய்யும் ஐஐடி ஃபவுண்டேஷன் பயிற்சியில் சேர்த்தோம். ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டான். இளையவள் 2024இல் ஆறாவது போனபோது சேர்க்கவில்லை, வேறு வழியில் போனோம். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்துவிட்ட தைரியத்தில் எழுதுகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இளையவள் போன பக்கம்தான்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருநாள் கூப்பிட்டு, "பிள்ளை ரொம்பச் சூட்டிகை, வீணாக்கிடாதீங்க" என்று சொல்லிவிடுவார். அன்றிலிருந்து வீட்டில் தூக்கம் போய்விடும். திருச்சி மாதிரி ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு முன்னால் நாலு வழிகள்தான் நிற்கின்றன. அதில் இரண்டை வேகமாகத் தாண்டிவிடலாம்.

ஒன்று, வகுப்பைத் தாண்டவைப்பது. எங்கள் மாமியார் காலத்து டபுள் புரமோஷன். இப்போது பள்ளிகள் இதற்கு லேசில் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டாலும், நீட் வழியாக மருத்துவம் சேர அந்த வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பதினாறில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் உட்காருவதற்கா இவ்வளவு அவசரம்?

இன்னொன்று, பள்ளியிலேயே படிவம் கொடுத்துத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் 'ஒலிம்பியாட்' தேர்வுகள். எழுதட்டும், மெடல் வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வரிசை வேறு. அது ஐஓக்யூஎம், ஆர்எம்ஓ, ஐஎன்எம்ஓ என்ற தேர்வுகள் வழியாகப் படிப்படியாகப் போவது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடப்பது. மூத்தவன் அலமாரியில் தனியார் தேர்வு மெடல்கள் ஏழு தொங்குகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மிச்சம் இரண்டு. ஃபவுண்டேஷன் ஒரு பக்கம். பள்ளிப் பாடத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை வேறு மாதிரிக் கணக்குப் போடுவது இன்னொரு பக்கம்.

ஃபவுண்டேஷனுக்கு அஸ்திவாரம் என்று பெயரே தவிர, நடப்பது மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டி எடுப்பதுதான். எங்கள் பையனுக்குப் பள்ளி நேரத்துக்குள்ளேயே அந்த வகுப்பு. அதற்கு இடம் கொடுத்தவை பி.டி. பீரியடும் நூலகப் பீரியடும் ஓவியமும். கட்டணம், பள்ளிக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி, மொத்தமாக முன்பணம். நல்லதையும் சொல்ல வேண்டும்: கணக்குப் போடும் வேகம் கூடியது. இயற்கணிதம் இன்றுவரை அவனுக்குப் பயமில்லை. கூடப் படித்த நான்கைந்து பேர் அவனைவிடக் கெட்டிக்காரர்கள். அது அவனுக்கு நல்லதே செய்தது.

ஆனால் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான். நடுவில் விட்டால் என்ன மிஞ்சும்? வண்டி வாங்கும்போது விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று பார்க்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழு வருடத் திட்டம் போடும்போது மட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை. பத்து வயதில் பிடித்தது பன்னிரண்டில் பிடிக்காமல் போவது சகஜம். கிரிக்கெட், செஸ், பாட்டு என்று எதுவாக இருந்தாலும் இதே கதைதான்.

ஃபவுண்டேஷன் பாடத்திட்டமோ பிளஸ் டூ முடிவில் ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதுவதை மனதில் வைத்துக் கட்டப்படுவது. பாதியில் இறங்கினால் பாதிப் பாலம்தான். மூத்தவன் ஏழாவதில் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். "அது எங்கேருந்துடா வருது?" என்று அவன் தாத்தா கேட்டதற்கு, "நாலாவது மாட்யூல்லேருந்து" என்றான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நின்றது, அவன் விட்ட பிறகு அந்த மாட்யூல் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரர் தராசில் வைத்தபோது. பதினோரு கிலோ. முக்கால்வாசிப் பக்கங்களில் பென்சில் படவே இல்லை. கட்டிய பணத்தில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டோம், விதிகளில் இடமில்லை என்றார்கள். கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தை நாங்கள்தான் படிக்கவில்லை.

அப்புறம் இன்னொன்றும் மிஞ்சியது. புதுக் கணக்கு எதைக் கொடுத்தாலும் "இது எந்த ஃபார்முலா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. அது போக ஒரு வருடம் ஆனது.

இளையவள் கதைக்கு வருகிறேன். இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை மாலை நாலு பிள்ளைகள் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். தீபாவளிக்கு முறுக்கு மட்டும் ஏற்றுக்கொள்கிறார். வாரத்துக்கு ஒரு கணக்கு, அதிகம் போனால் இரண்டு. விடை வரவில்லை என்றால் அடுத்த வாரமும் அதே கணக்கு.

அவர் தனியாகப் புத்தகம் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. 2024இல் என்சிஇஆர்டி ஆறாம் வகுப்புக்குப் புதிதாகக் கொண்டுவந்த 'கணித பிரகாஷ்' புத்தகத்தையே எடுத்தார். அதில் கப்ரேக்கரின் 6174 வருகிறது. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கப்ரேக்கர். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாகவும் சிறிதிலிருந்து பெரிதாகவும் அடுக்கிக் கழியுங்கள். வந்த விடையில் திரும்ப அதையே செய்யுங்கள். 3524 என்றால் 5432இலிருந்து 2345 போக 3087. அதிலிருந்து 8352. அதிலிருந்து 6174. அதற்குமேல் நகராது.

வகுப்பில் இது அரைப் பீரியடில் முடிந்துவிட்டது. "ரெண்டு இலக்கத்துக்கு என்ன ஆகும், பாத்துட்டு வா" என்று அனுப்பினார் அவர். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் முழுக்கக் கழித்தல். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அம்மா, இது நிக்கவே மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். தாளில் 9, 81, 63, 27, 45, மறுபடி 9. எல்லாமே ஒன்பதாம் வாய்ப்பாடு என்பதை மறுநாள் அவளே கண்டுபிடித்தாள். ஏன் என்று எழுத இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

நாளைக்கே அவள் கணக்கை விட்டுப் பரதநாட்டியம் என்று போனாலும் அந்த இரண்டு வாரம் அவளிடம்தான் இருக்கும். நான் சொல்லும் மறுவிற்பனை மதிப்பு அதுதான்.

பாடத் திட்டம் என்று பார்த்தாலும் இந்த வழியில் அவசரமே இல்லை. சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்எம்டிசி என்ற கணிதத் திறன் தேர்வை நடத்துகிறது. அதில் ஐந்து, ஆறு வகுப்புகளுக்கு ஒரு நிலை, ஏழு, எட்டுக்கு அடுத்தது. பள்ளியில் கேட்டுப் பதிவு செய்யலாம். ஐஓக்யூஎம் எட்டாம் வகுப்பிலிருந்துதான். மூன்று மணி நேரம், 30 கேள்விகள், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. விடை 00 முதல் 99 வரை ஒரு முழு எண். அடுத்த படியான ஆர்எம்ஓவில் ஆறே கணக்குகள், நிரூபணத்தோடு எழுத வேண்டும். இதற்கு ஆறாம் வகுப்பிலேயே ஒன்பதாம் வகுப்புப் பாடம் படித்துவைத்து ஆகப்போவது குறைவு. ஒரு கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்டும் பொறுமை இருந்தால் போதும். ஐஐடி மெட்ராஸ் ஒலிம்பியாட் மாணவர்களுக்குத் தனிச் சேர்க்கை ஆரம்பித்திருக்கிறது என்பதை வைத்துக் கனவு காண வேண்டாம். இடங்கள் மிகச் சில.

சரி, அந்த மாதிரி வாத்தியார் எல்லாத் தெருவிலும் கிடைப்பாரா? மாட்டார். எங்களுக்கு அமைந்தது அதிர்ஷ்டம். கிடைக்காதவர்கள் ஐஐடி மெட்ராஸ் பிரவர்தக் நடத்தும் 'அவுட் ஆஃப் பாக்ஸ் திங்கிங்' இணையப் பாடத்தைப் பார்க்கலாம். பாடம் இலவசம். எங்கள் வீட்டில் நாலு வகுப்புதான் பார்த்தோம், அதற்குமேல் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

நான் சொல்வதில் இன்னும் ஓட்டை உண்டு. இரண்டும் இரண்டு வேறு பிள்ளைகள். இவளுக்குச் சும்மாவே உட்கார்ந்து யோசிக்கப் பிடிக்கும், அவனுக்கு ஓட வேண்டும். ஒருவேளை இவளை ஃபவுண்டேஷனில் போட்டிருந்தாலும் நன்றாகவே வந்திருப்பாளோ என்னவோ. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன: எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு, தேறினால் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அப்புறம் தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளிகள். எங்கள் பிள்ளைகள் தனியார் பள்ளி என்பதால் அந்தப் பக்கம் போனவர்களைக் கேட்பதே நல்லது.

மூத்தவன் இப்போது ஒன்பதாவது. போன வாரம் அவனாக வந்து, பதினொன்றாவதில் ஜேஇஇ வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டான். போகட்டும் என்று இருக்கிறோம். இந்தத் தடவை கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மாட்யூலை எடைக்குப் போட்டது தப்பாகிவிட்டதே என்று வீட்டுக்காரர் இழுத்தார். ஏழாம் வகுப்பு மாட்யூல் பதினொன்றாவதுக்கு எதுக்கு என்று பையனே கேட்டுவிட்டான்.