பழைய டாடா 407 லாரிக்கு கியர் பாக்ஸ் வேலை குடுக்கப் போறவங்க இத படிச்சிட்டு குடுங்க

நீலகிரில பழைய வண்டி வச்சு லோடு அடிக்கிற அண்ணன் தம்பிங்களுக்காகத்தான் இத எழுதுறேன். பட்டறை பேரு போடல, எனக்கு நடந்தத மட்டும் சொல்றேன்.

நம்மளுது 2005 மாடல் 407. கேத்தி பாலாடால கேரட் கழுவி ராத்திரி ஏத்துனா விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் மண்டில இறக்கணும், அதான் பொழப்பு. போன ஐப்பசி மழையில இருந்து செகண்ட் கியர் போடும்போது கர்ருனு கடிக்க ஆரம்பிச்சுது, நியூட்ரல்ல நிக்கிறப்பவும் லேசா ஒரு உறுமல். இங்க இருக்குற மெக்கானிக் தம்பி "இறக்கி பாத்தாதாண்ணா சொல்ல முடியும்"னு சொன்னான், நாந்தான் பெரிய வேலைக்கு பெரிய பட்டறைனு நெனச்சு கீழ கொண்டு போய் விட்டேன். அந்த ஆளு வண்டிய ஓட்டிக் கூட பாக்கல, சாவிய வாங்கிட்டு "பாக்ஸ் முழுசா போச்சுங்க, முழுசா பிரிச்சு ஓவராலிங் பண்ணிடலாம், 45 ஆயிரம் ஆகும்"னார்.

பண்ணலாமா வேண்டாமானு வீட்ல ரெண்டு நாள் பேச்சு. வண்டிய இருக்குற நிலமைல வித்தா 2,40,000-க்கு மேல கேக்க ஆளில்ல. அத வித்துட்டு கொஞ்சம் புது மாடலா எடுக்கணும்னா இன்னும் 3 லட்சமாவது கைல இருந்து போகும், அந்த வண்டி பாக்ஸ் எந்த லட்சணத்துல இருக்கும்னும் தெரியாது. நம்ம இன்ஜின் ரெண்டு வருசம் முன்னாடி வேலை பாத்தது, ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சி (தகுதிச் சான்று) அப்பதான் முடிச்சிருந்தேன், மலை ஈரத்துல சேஸிஸ் துரு புடிச்சிருந்தா இந்த பேச்சே இல்ல, ஆனா நம்மளுது நல்லா இருந்துச்சு. அதனால வேலை பாத்தது தப்புன்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன். பாக்ஸ தொறக்குறதுக்கு முன்னாடியே, பக்கத்துல நிக்காம, போன்லயே சரி சொன்னதுதான் தப்பு.

ஒரு வாரம்னு சொன்னது 24 நாளாச்சு. நாலு நாளைக்கு ஒரு போன், பாக்ஸ் உள்ள பல்லு வச்ச தண்டு, அந்த லே ஷாஃப்ட் போச்சு, கியர் கடிக்காம சேர வைக்கிற கோன் கிடைக்கல, கம்பெனி பார்ட்ஸ்தான் போடுறேன் ஒரு 12 ஆயிரம் அனுப்புங்க, இப்படியே போய் 78,000-ல வந்து நின்னுச்சு. இதுக்கு நடுவுல கேரட்டுக்கு வாடகை வண்டி வேற. எடுக்கப் போனப்போ பாக்ஸ் மேல சில்வர் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு, பில்லு கேட்டா ஜிஎஸ்டி சேரும் உங்களுக்குத்தான் நஷ்டம்னு ஒரு துண்டு சீட்டு, பழைய சாமான் கேட்டா எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சாம். அங்கயே எனக்கு ஒறச்சிருக்கணும்.

பதினோராவது நாள், பர்லியாருக்கு மேல. செகண்ட்ல இறங்குங்கன்னு போர்டு வச்ச ரோடு அது, செகண்ட்லதான் இறங்குறேன், ஆக்சிலேட்டர்ல கால் இல்ல, லீவர் டக்குனு தானா நியூட்ரலுக்கு வந்துடுச்சு. பின்னாடி ரெண்டு டன் கேரட் தள்ளுது, முன்னாடி கொண்டை ஊசி வளைவு. பிரேக்க மிதிச்சு மிதிச்சு மலைப் பக்கமா ஒதுக்கி நிறுத்துறதுக்குள்ள லைனர் கருகுன வாடை கேபின் பூரா. தங்கச்சி மகன் குதிச்சு கல்லு வச்சான். அதுக்கப்புறம் கல்லாறு வரைக்கும் அவன் ரெண்டு கையாலயும் லீவர புடிச்சு அழுத்திட்டே வந்தான், இறங்குனப்போ அவன் உள்ளங்கை ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தா என் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்னு இன்னைக்கும் தூக்கம் வர்றதில்ல.

அப்புறம் நம்ம ஊர் தம்பிகிட்டயே போய் நின்னேன். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சுத்தான் தொறந்தான். ஆயில் இறக்குனப்போ ட்ரெயின் பிளக் மேல இரும்புத்தூள் விழுது மாதிரி அப்பியிருந்துச்சு. செகண்ட் கியரோட சின்னப் பல்லெல்லாம் சப்பிப் போட்ட கல்கண்டு மாதிரி மழுங்கி போயிருக்கு, கோன் உள்பக்கம் வரியே இல்ல, வழவழன்னு இருக்கு. லே ஷாஃப்ட்ல பழைய சாமான் கடைக்காரன் மஞ்ச பெயிண்ட்ல எழுதுன நம்பர் கூட அழியல. உள்ள புதுசுன்னு இருந்தது ஒரே ஒரு பேரிங்.

அந்த தம்பி சொல்லிக் குடுத்தத எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க, இது தெரிஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு செலவே இல்ல. நியூட்ரல்ல இன்ஜின் ஓடுறப்போ சத்தம் கேட்டு, கிளட்ச் மிதிச்சா அது நின்னுச்சுன்னா பெரும்பாலும் பாக்ஸ் உள்ள இருக்குற பேரிங். கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங், அதுக்கு பாக்ஸ பிரிக்கவே வேண்டாம், இறக்கி மாட்டுனா போதும். இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் வழுக்கிட்டு விழுது, ஸ்டார்ட் பண்ணா மட்டும் கடிக்குதுன்னா மொதல்ல கிளட்ச பாக்கணும், மிதிச்சாலும் கிளட்ச் முழுசா விடலன்னு அர்த்தம். எனக்கு மொதல்ல இருந்ததே ஒரு பேரிங்கும் கிளட்ச் பிரஷர் பிளேட்டும்தான். இறக்கத்துல கியர் கழண்டு வர்றது வேற, அது பல்லு தேஞ்சது, இல்ல கியர புடிச்சு நிறுத்துற ஸ்ப்ரிங், கியர தள்ளுற ஃபோர்க் போனது, அத வச்சுக்கிட்டு ஒரு லோடு கூட மலை இறங்காதீங்க.

சாமான் எல்லாம் நானே கோயம்புத்தூர் போய் பில்லோட வாங்கிட்டு வந்தேன், கூலியோட 31,000 ஆச்சு. ஆக 1,09,000. நாலு மாசமா ஒரு சத்தமில்ல.

பழைய பட்டறைக்காரர் இப்ப போன் எடுக்குறதில்ல. ஊட்டி நுகர்வோர் ஆணையத்துல போடலாம்னு இருக்கேன், சொந்தப் பொழப்புக்கு ஓட்டுற வண்டின்னா கேஸ் போட வழி இருக்கு, நாம குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, 1915-க்கு போன் பண்ணாலும் வழி சொல்றாங்க. பில்லு இல்லாததுதான் இடிக்குது, கைல இருக்குறது ஜிபேல அனுப்புன கணக்கும் அந்த துண்டு சீட்டும்தான்.

அந்த மழுங்குன கியரும் கோனும் மஞ்ச நம்பர் போட்ட ஷாஃப்டும் கோணிப்பைல கட்டி வீட்ல வச்சிருக்கேன். பாக்ஸ் வேலைக்கு வண்டிய விடப் போறவங்க பாலாடா பக்கம் வந்தா ஒரு எட்டு வீட்டுக்கு வாங்க, கைல எடுத்து பாத்துட்டு போங்க.