திருப்பூர் ஃப்ளீஸ் நாய்ச்சட்டை: துணி தங்கம், வெல்க்ரோ தலைவலி

சின்ன நாய்களுக்கென்று திருப்பூரில் தைக்கும் ஃப்ளீஸ் (மெத்தென்று பஞ்சு எழுப்பிய பாலியஸ்டர் துணி) சட்டைக்கு விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். எங்கள் வீட்டு மினியேச்சர் பின்ஷர் வருடக்கணக்காகப் போடும் சட்டை அது. இப்போதுதான் டெய்லரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது.

துணியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பனியன் துணியில் தைத்த சட்டைகள் இதைவிட மலிவுதான். ஆனால் மார்கழிக் காலையில் பனி படிந்த புல்லில் நடந்துவிட்டு வந்தால், பருத்தி ஈரத்தைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்குச் சட்டையே போடாமல் இருக்கலாம். பாலியஸ்டர் ஃப்ளீஸ் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதன் பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. கம்ஃபர்ட் எதுவும் ஊற்றாமல், உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசினால் அந்தப் பஞ்சு படியாது.

வெட்டும் நல்ல வெட்டு. குட்டைக்கால் நாய்க்கு வயிறு தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும், அங்கே முடியும் குறைவு. முதுகை மட்டும் மூடும் சட்டையால் பெரிய பிரயோஜனம் இல்லை. இது நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து மூடி, ஆண் நாய்க்குச் சிறுநீர் படாதபடி கடைசி விலா எலும்போடு நின்றுவிடுகிறது.

இவ்வளவு யோசித்துத் தைத்தவர்கள் அடிவயிற்றில் இரண்டு அங்குல அகலத்துக்கு வெல்க்ரோவை ஏன் ஒட்டினார்கள் என்பதுதான் எரிச்சல். வெல்க்ரோவின் முள் பக்கம் அதன் ஜோடியை மட்டும் பிடிப்பதில்லை, ஃப்ளீஸையும் பிடிக்கும். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும். துணியில் உருண்டை உருண்டையாகத் திரளும், முள்ளுக்குள் நாய்முடி அடைந்து பிடிப்பே போய்விடும். பழைய டூத்பிரஷ்ஷால் நோண்டி எடுத்தாலும் பாதிதான் வரும். நாய் சுருண்டு படுத்தால் பட்டையின் விளிம்பு முழங்கை மடிப்பில் உரசித் தோல் சிவக்கிறது. பிரிக்கும் சத்தத்துக்கே சில நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஷீட்ஸூ மாதிரி நீள முடிக்கு இது சித்திரவதை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், டெய்லரிடம் வெல்க்ரோவை முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டு, இரண்டு அங்குல இடைவெளியில் மூன்று பிளாஸ்டிக் டிச் பட்டன் வைக்கச் சொல்லுங்கள். உலோகம் வேண்டாம், வயிற்றில் படும்போது சில்லென்று இருக்கும். பட்டனுக்கு உள்பக்கம் ஒரு துணிப்பட்டை வேண்டும். அளவெடுக்கும்போது முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம், இரண்டும் முக்கியம். போட்டபின் சட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

எல்லா நாய்க்கும் சட்டை வேண்டியதில்லை. பொமரேனியனுக்குப் பிறவியிலேயே இரட்டை முடி இருக்கிறது, கோவைக் குளிருக்கு அது போதும். டாக்ஸ்ஹண்ட், சிவாவா, குட்டிகள், வயதானவை, முடி வெட்டிவிட்ட நாய்கள், இவற்றுக்குத்தான் தேவை. ஊட்டி, வால்பாறை என்றால் கணக்கு வேறு. வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள். மூச்சிரைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். கழற்றியதும் அக்குளில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ராத்திரி சட்டை போட்டுப் படுக்க வைக்காதீர்கள், கால் சிக்கிக்கொள்ளும். டைல்ஸ் தரைதான் சூட்டை உறிஞ்சுகிறது. நான்கு அங்குல உயரப் பலகை மேல் கோணிச்சாக்கு, அதன் மேல் மடித்த பவானி ஜமுக்காளம், மேலே சென்னிமலைப் போர்வை. காற்று வரும் வாசலில் மட்டும் படுக்கையைப் போடாதீர்கள். வெந்நீர்ப் பை வைத்தால் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள், வேண்டாம் என்றால் நாய் விலகிப் படுக்க இடம் இருக்கட்டும். மின்சார ஹீட்டிங் பேட் வேண்டவே வேண்டாம்: ஒயரைக் கடிக்கும், ஒரே இடத்தில் படுத்தே கிடந்தால் தோல் வெந்துபோகும்.

ஆக, துணிக்கும் வெட்டுக்கும் முழு மதிப்பெண். ஆனாலும் வாங்காதீர்கள். விலை பாதியானாலும் டெய்லர் கூலியோடு சேர்த்தால் லாபமில்லை. திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வரும் குழந்தைகள் ஃப்ளீஸ் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, கையை வெட்டி, வயிற்றுப் பக்கம் டிச் பட்டன் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் வைத்தது வேண்டாம், அதுவும் முடியைப் பிடிக்கும்.